புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் வரும் மனச்சோர்வு: மருத்துவ உதவி பெறும் வழிகள்

குன்றத்தூர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் வாழும் நோயாளிகளுக்கும் அவர்களைக் கவனித்துக்கொள்வோருக்கும்

அறிமுகம்

புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சை, கீமோதெரபி, கதிர்வீச்சு ஆகியவை முடிந்தவுடன் நோயாளி நிம்மதி அடைவார் என்று வீட்டார் எதிர்பார்க்கின்றனர். நோயாளியும் அவ்வாறே எதிர்பார்க்கிறார். ஆனால் சிலருக்கு மனத்துயரம் சிகிச்சை முடிந்த பிறகே தலைதூக்குகிறது. ‘உயிர் பிழைத்ததே பெரிது, இதைப் போய் எப்படிச் சொல்வது’ என்ற தயக்கத்தால் பலர் அதை மருத்துவரிடம் சொல்வதில்லை.

மனச்சோர்வு ஒரு நோய். பேச்சு வழக்கில் இதை மன அழுத்தம் என்றும் டிப்ரஷன் என்றும் கூறுகிறோம். புற்றுநோய்க்கு மருத்துவம் பெற்றது போலவே இதற்கும் மருத்துவம் பெற வேண்டும். முறையான சிகிச்சையால் பெரும்பாலோர் நலம் பெறுகின்றனர். அந்த உதவியை யாரிடம், எங்கே, எவ்வாறு பெறலாம் என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

உடனடி உதவி தேவைப்பட்டால்

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் உங்களுக்கோ உங்கள் வீட்டில் உள்ளவருக்கோ இருந்தால் காத்திருக்க வேண்டாம்.

• 14416 – டெலி மானஸ் மனநல உதவி எண். கட்டணமில்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.
• 104 – தமிழ்நாடு அரசின் மருத்துவ ஆலோசனை எண்.
• 108 – ஆம்புலன்ஸ். உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் முதலில் இந்த எண்ணை அழையுங்கள்.
• 044-24640050 – சென்னையில் இயங்கும் சிநேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பு.

மனச்சோர்வு எவ்வளவு பேருக்கு வருகிறது?

புற்றுநோய்க்கு மருத்துவம் பெறுவோரில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் இருப்பது, பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தெரியவந்தது. எனவே இது உங்களுக்கு மட்டும் நேர்ந்த ஒன்று அல்ல. உங்கள் மனவலிமைக் குறைவால் வந்ததும் அல்ல.

இதில் கவலைக்குரிய செய்தி, பெரும்பாலோர் சிகிச்சை பெறாமலேயே இருப்பதுதான். ஸ்காட்லாந்து நாட்டுப் புற்றுநோய் மருத்துவமனைகளில் நடத்தப்பட்டு 2014-இல் வெளியான ஆய்வில், மனச்சோர்வு கண்டறியப்பட்ட நோயாளிகளில் 73 விழுக்காட்டினர் அதற்கு உரிய சிகிச்சை எதையும் பெறவில்லை. அதே ஆண்டில் அங்கிருந்து வெளியான மற்றோர் ஆய்வு நம்பிக்கை தருகிறது. புற்றுநோய் மருத்துவக் குழு, பயிற்சி பெற்ற செவிலியர், மனநல மருத்துவர், குடும்ப மருத்துவர் ஆகியோர் இணைந்து முறையாகக் கவனித்தபோது, ஆறு மாதங்களில் 62 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு பாதிக்குப் பாதியாவது குறைந்தது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 17 விழுக்காட்டினருக்கே அவ்வாறு குறைந்தது. நோயைச் சொல்லி உரிய சிகிச்சை பெறுவதால் விளையும் வேறுபாடு இது.

சிகிச்சை முடிந்த பிறகு ஏன் வருகிறது?

சிகிச்சைக் காலத்தில் அடுத்து என்ன என்பது தெளிவாக இருக்கும். அடுத்த கீமோ எப்போது, இரத்தப் பரிசோதனை எப்போது என்று நாள்கள் நகரும். மருத்துவர், செவிலியர், பக்கத்துப் படுக்கை நோயாளி என யாரேனும் நலம் கேட்டுக்கொண்டிருப்பர். சிகிச்சை முடிந்ததும் மருத்துவமனைக்குச் செல்வது சில மாதங்களுக்கு ஒரு முறை என்றாகிறது. உதவிக்கு வந்து தங்கிய உறவினர் ஊர் திரும்புகின்றனர். அதுவரை தள்ளிப்போட்ட அச்சமும் துயரமும் அப்போது மேலெழுகின்றன. கீழ்க்கண்டவையும் காரணமாகலாம்.

• நோய் மீண்டும் வந்துவிடுமோ என்ற அச்சம். மறுபரிசோதனை நாள் நெருங்கும்போது இது கூடும்.
• உடல் மாற்றங்கள்: மார்பகம் அகற்றப்படுதல், முகத் தோற்றமோ பேச்சோ மாறுதல், மலம் வெளியேறும் பையைச் சுமத்தல், முடி உதிர்தல், தாம்பத்திய உறவில் வலி அல்லது நாட்டமின்மை.
• நகை அடகு, வட்டிக்கடன், விடுப்பில் இழந்த சம்பளம்.
• முன்பு போல் வேலை செய்ய இயலவில்லை என்ற தாழ்வுணர்ச்சி.
• தொழிற்சாலை வேலைக்காகப் பிற மாவட்டங்களிலிருந்தும் மாநிலங்களிலிருந்தும் வந்து இப்பகுதியில் வாடகைக்குக் குடியிருப்போருக்கு உறவினர் துணை அருகில் இல்லாமை.

முன்பே மனச்சோர்வு இருந்தவர்கள், தொடர்ந்து உடல்வலி உள்ளவர்கள், தனியாக வாழ்பவர்கள், மதுப்பழக்கம் உள்ளவர்கள் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும்.

அறிகுறிகள்

நோய் வந்ததை எண்ணி வருந்துவதும் சில நாள்கள் அழுவதும் இயல்பே. அத்தகைய வருத்தத்தின் இடையிலும் பேரக்குழந்தையின் சிரிப்பு மகிழ்ச்சி தரும். நல்ல செய்தி கேட்டால் மனம் இலகுவாகும். மனச்சோர்வில் அந்த மகிழ்ச்சியும் வற்றிவிடுகிறது. கீழ்க்கண்டவற்றில் முதல் இரண்டில் ஒன்றும், மற்றவற்றில் சிலவும் இரண்டு வாரங்களுக்கு மேல் ஏறத்தாழ நாள்தோறும் இருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

• நாளின் பெரும்பகுதியும் மனம் கனத்திருத்தல், வெறுமையாக உணர்தல்
• முன்பு விரும்பிச் செய்த எதிலும் நாட்டம் இல்லாமை
• தூக்கம் குறைதல் அல்லது அளவுக்கு மீறித் தூங்குதல்
• பசியின்மை அல்லது மிகுதியாக உண்ணுதல்
• ஓய்வெடுத்தும் தீராத களைப்பு
• கவனம் சிதறுதல், சிறு முடிவும் எடுக்க இயலாமை
• பேச்சும் நடையும் மந்தமாதல் அல்லது ஓரிடத்தில் இருக்க முடியாத பதற்றம்
• ‘நான் பயனற்றவன்’, ‘குடும்பத்துக்குப் பாரமாகிவிட்டேன்’ என்ற எண்ணம். காரணமற்ற குற்ற உணர்வு
• இறந்துவிட்டால் நல்லது என்ற எண்ணம்

களைப்பும் பசியின்மையும் தூக்கக் குறைவும் புற்றுநோய் சிகிச்சையாலும் வரக்கூடும். ஆகவே புற்றுநோயாளிகளிடம் மனம் கனத்திருத்தல், நாட்டமின்மை, பயனற்றவர் என்ற உணர்வு, இறப்பு பற்றிய எண்ணம் ஆகியவற்றை மருத்துவர்கள் சிறப்பாகக் கவனிக்கின்றனர்.

நம் பகுதியில் பலர் மனத்துயரத்தை உடல் உபாதையாகவே கூறுகின்றனர். ‘நெஞ்சு அடைக்கிறது’, ‘உடம்பெல்லாம் அசதி’, ‘தலை பாரம்’, ‘எதிலும் பிடிப்பு இல்லை’ என்பன அவ்வாறான சொற்கள். ஆண்களிடம் எரிச்சலும் கோபமும் குடிப்பழக்கமும் மனச்சோர்வின் வெளிப்பாடாக இருக்கக்கூடும். மாத்திரைகளைத் தவிர்ப்பது, மறுபரிசோதனைக்குச் செல்ல மறுப்பது ஆகியவற்றையும் அறிகுறியாகக் கருத வேண்டும். மனச்சோர்வால் மறுபரிசோதனை தவறினால், மீண்டும் வரும் நோயைத் தொடக்கத்திலேயே கண்டறியும் வாய்ப்பும் தவறிப்போகும்.

நீங்களே கேட்டுப் பார்க்கும் இரண்டு கேள்விகள்

கடந்த இரண்டு வாரங்களில்,

1. எதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருந்தது எத்தனை நாள்?
2. மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்தது எத்தனை நாள்?

ஒவ்வொரு கேள்விக்கும் ‘இல்லவே இல்லை’ என்றால் 0, ‘சில நாள்கள்’ என்றால் 1, ‘பாதி நாள்களுக்கு மேல்’ என்றால் 2, ‘ஏறத்தாழ எல்லா நாளும்’ என்றால் 3 என மதிப்பிடுங்கள். இரண்டின் கூட்டுத்தொகை 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவரின் முழுமையான மதிப்பீடு தேவை. இதைக் கொண்டு நோயை உறுதி செய்ய இயலாது. மருத்துவரிடம் செல்ல வேண்டுமா என்பதைத் தீர்மானிக்க மட்டும் இது உதவும்.

உடல் காரணங்களையும் பரிசோதிக்க வேண்டும்

மனச்சோர்வு போலவே தோன்றும் அல்லது அதைக் கூட்டும் சில உடல்நிலைகள் உள்ளன. அவற்றுக்குத் தனிச் சிகிச்சை உண்டு.

• தைராய்டு குறைபாடு: வாய், தொண்டைப் புற்றுநோய்க்காகக் கழுத்தில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்குச் சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்து வரலாம். எளிய இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.
• வைட்டமின் பி12 குறைபாடு: இரைப்பை அகற்றப்பட்டவர்களுக்கு இது வரக்கூடும். ஊசி மூலம் ஈடு செய்யலாம்.
• இரத்தசோகை.
• ஹார்மோன் மாற்றம்: மார்பக, புரோஸ்டேட் புற்றுநோய்களுக்குத் தரப்படும் ஹார்மோன் சிகிச்சையும், சிகிச்சையால் முன்கூட்டியே மாதவிடாய் நிற்பதும் மனநிலையைப் பாதிக்கலாம்.
• ஸ்டீராய்டு மருந்துகள்: இவற்றை உட்கொள்ளும்போதும் நிறுத்தும்போதும் மனநிலை மாறலாம்.
• தீராத வலி: வலி குறையாமல் மனம் தேறுவது கடினம். வலிக்கான மருந்தைக் கேட்டுப் பெறத் தயங்க வேண்டாம்.

யாரிடம் செல்வது?

உங்கள் புற்றுநோய் மருத்துவர்: உங்கள் சிகிச்சை முழுவதையும் அறிந்தவர் இவரே. மறுபரிசோதனை நாள் தொலைவில் இருந்தாலும் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை.

மனநல மருத்துவர்: எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு படித்தவர். நோயை உறுதி செய்து மருந்து எழுதித் தரக்கூடியவர்.

மருத்துவ உளவியலாளர்: பேச்சுவழிச் சிகிச்சை அளிப்பவர். மருந்து எழுதுவதில்லை.

மனநல ஆலோசகர், மருத்துவ சமூகப் பணியாளர்: மனச்சுமையைக் கேட்டு வழிகாட்டுவர். காப்பீடு, உதவித்தொகை, குடும்பச் சிக்கல் ஆகியவற்றிலும் உதவுவர்.

குன்றத்தூர் பகுதியில் எங்கே செல்லலாம்?

தொலைபேசி வழியாக: வெளியே செல்ல மனமில்லாத நாளில் இதுவே எளிய முதற்படி. டெலி மானஸ் சேவையை ஒன்றிய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. தமிழ்நாட்டில் இது ‘நட்புடன் உங்களோடு மனநல சேவை’ என்ற பெயரில் இயங்குகிறது. 14416 என்ற எண்ணில் ஆலோசகர் முதலில் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவருடன் இணைப்பார். இந்தி உள்ளிட்ட பிற மொழிகளிலும் பேசலாம் என்பதால் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கும் பயன்படும். நோயாளிக்காக வீட்டில் உள்ளவரும் அழைத்து ஆலோசனை பெறலாம்.

வீட்டுக்கு அருகில்: ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது அரசு மருத்துவமனையில் உள்ள பொது மருத்துவரிடம் முதலில் காட்டலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மனநல மருத்துவர் குறிப்பிட்ட நாள்களில் வட்டார அளவிலான அரசு மருத்துவமனைகளுக்கு வருகிறார். எந்த நாள் என்பதை ஸ்ரீபெரும்புதூர் அரசு மருத்துவமனையிலோ உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டறிந்து சென்றால் வீண் அலைச்சல் இராது. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டப் பணியாளர்கள் உங்கள் வீட்டுக்கு வந்தால் அவர்களிடமும் சொல்லலாம்.

காஞ்சிபுரத்தில்: காரப்பேட்டையில் உள்ள அறிஞர் அண்ணா நினைவு அரசு புற்றுநோய் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்கள் அங்குள்ள மருத்துவரிடமே சொல்லிப் பரிந்துரைக் கடிதம் பெறலாம். காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு உள்ளது.

சென்னையில்: மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் நிலையத்தில், புற்றுநோயாளிகளின் உளவியல் நலனுக்கெனத் தனித்துறை உள்ளது. அங்கு சிகிச்சை பெற்றவர்கள் மறுபரிசோதனைக்குச் செல்லும் நாளிலேயே அத்துறையையும் அணுகலாம். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளிட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலத் துறைகள் உள்ளன.

1794-இல் தொடங்கப்பட்ட அரசு மனநலக் காப்பகமும் சென்னையில் உள்ளது. ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப்பெயரையே கேலிச் சொல்லாகப் பயன்படுத்தும் வழக்கத்தால் பலர் அங்குச் செல்ல அஞ்சுகின்றனர். உண்மையில் புறநோயாளிகள் பிரிவுக்கு வந்து மருத்துவரைப் பார்த்து, மாத்திரை பெற்றுக்கொண்டு அன்றே வீடு திரும்பலாம். மனச்சோர்வு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு மருத்துவமனையில் தங்கவேண்டிய தேவை வருவதில்லை.

மருத்துவரிடம் எப்படிச் சொல்வது?

புறநோயாளிகள் பிரிவில் கூட்டம் அதிகம். மருத்துவர் ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்று கேட்டவுடன் ‘நன்றாக இருக்கிறேன்’ என்று பழக்கத்தால் சொல்லிவிடுகிறோம். ஸ்கேன், இரத்தப் பரிசோதனை பற்றிய பேச்சு முடிந்து எழுந்திருக்கும்போதுதான் சொல்ல வந்தது நினைவுக்கு வருகிறது. எனவே முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். ஓர் எடுத்துக்காட்டு:

‘டாக்டர், சிகிச்சை முடிந்து நான்கு மாதம் ஆகிறது. ஒரு மாதமாக மனம் சரியில்லை. அதிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. வேலைக்குப் போக முடியவில்லை. மனநல மருத்துவரைப் பார்க்க எழுதித் தாருங்கள்.’

எப்போது தொடங்கியது, எத்தனை நாளாக உள்ளது, அன்றாட வாழ்வில் எது தடைப்பட்டுள்ளது ஆகிய மூன்றும் இதில் உள்ளன. வாயால் சொல்லத் தயக்கமாக இருந்தால் ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் நீட்டலாம். துணைக்கு வந்தவரைச் சொல்லச் சொல்லலாம். வீட்டார் முன்னிலையில் பேச விருப்பமில்லை என்றால் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கலாம்.

எடுத்துச் செல்ல வேண்டியவை:

• டிஸ்சார்ஜ் அறிக்கை, சிகிச்சைக் கோப்பு. வேறு ஊரில் சிகிச்சை பெற்றிருந்தால் நகலேனும் வேண்டும்.
• இப்போது உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள். சித்த, ஆயுர்வேத மருந்துகளும் இதில் அடங்கும்.
• அண்மைய இரத்தப் பரிசோதனை முடிவுகள்.
• காப்பீட்டு அட்டை அல்லது இ.எஸ்.ஐ. அட்டை.

முதல் சந்திப்பில் மருத்துவர் உங்கள் தூக்கம், பசி, எண்ணங்கள், மதுப்பழக்கம், முன்பு இருந்த மனநோய், குடும்பச் சூழல் ஆகியவற்றைக் கேட்பார். தற்கொலை எண்ணம் உண்டா என்றும் கேட்பார். இது எல்லாரிடமும் கேட்கப்படும் கேள்வி, உண்மையைச் சொல்லுங்கள்.

சிகிச்சை முறைகள்

பேச்சுவழிச் சிகிச்சை: மிதமான மனச்சோர்வுக்கு இது மட்டுமே போதுமானதாக இருக்கலாம். ‘இனி என்னால் எதற்கும் பயனில்லை’ என்பது போன்ற எண்ணங்களை எடுத்து, அவை எவ்வளவு உண்மை என்று உளவியலாளருடன் சேர்ந்து ஆராய்வது ஒரு முறை. நின்றுபோன அன்றாடச் செயல்களைச் சிறிது சிறிதாக மீட்பது மற்றொரு முறை: முதல் வாரம் வாசல்வரை, அடுத்த வாரம் கடைத்தெருவரை என்று அது தொடங்கும். கடன், வேலை போன்ற சிக்கல்களைப் பகுத்து ஒவ்வொன்றாகத் தீர்க்கும் முறையும் உண்டு. இவை பொதுவாகப் பல வாரங்கள் தொடரும். ஒரே அமர்வில் மாற்றம் தெரியாவிட்டால் கைவிட வேண்டாம்.

மருந்துகள்: மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பயன் தரத் தொடங்க 2 முதல் 4 வாரங்கள் ஆகும்; முழுப்பயன் தெரிய 6 முதல் 8 வாரங்கள் ஆகலாம். தொடக்க நாள்களில் குமட்டல், தலைவலி, வயிற்றுக் கோளாறு தோன்றலாம். பெரும்பாலும் இவை ஓரிரு வாரங்களில் குறையும். நலம் பெற்ற பிறகும் குறைந்தது ஆறு மாதங்கள் மருந்தைத் தொடருமாறு மருத்துவர் கூறுவார். திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றலும் பதற்றமும் வரலாம். அளவை மெல்லக் குறைத்தே நிறுத்த வேண்டும். முதல் சில வாரங்களில், சிறப்பாக 25 வயதுக்கு உட்பட்டவர்களிடம், பதற்றமோ தற்கொலை எண்ணமோ கூடினால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

முக்கிய எச்சரிக்கை: மார்பகப் புற்றுநோய்க்காக டாமாக்சிஃபென் உட்கொள்பவர்கள் அதை மனநல மருத்துவரிடம் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். பராக்செடின், ஃப்ளூவாக்செடின் போன்ற சில மனச்சோர்வு மருந்துகள், டாமாக்சிஃபென் உடலில் செயல்திறன் பெறுவதைத் தடுக்கக்கூடும். வென்லாஃபாக்சின் போன்ற மாற்று மருந்துகள் உள்ளன. ஏற்கெனவே இவற்றைச் சேர்த்து உட்கொண்டு வந்தால், எதையும் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

தவிர்க்க வேண்டியவை: மருந்துக் கடையில் மருத்துவர் சீட்டின்றித் தூக்க மாத்திரை வாங்க வேண்டாம். தூக்க மாத்திரைகளில் பல, தொடர்ந்து உட்கொண்டால் பழக்கத்துக்கு அடிமையாக்கும். தூக்கத்துக்காக மது அருந்துவது மனச்சோர்வைக் கூட்டும். மருந்துகளோடு சேர்ந்து ஆபத்தையும் விளைவிக்கும்.

அன்றாடப் பழக்கங்கள்: மருத்துவர் அனுமதித்த அளவு நடைப்பயிற்சி, ஒரே நேரத்தில் எழுவது, நாளுக்கு ஒருவரிடமாவது பேசுவது ஆகியவை சிகிச்சைக்குத் துணை செய்யும். கோயில், தேவாலயம், பள்ளிவாசல் செல்வது ஆறுதல் தந்தால் தொடருங்கள். ஆயினும் இவற்றை மருத்துவத்துக்கு மாற்றாகக் கொள்ள வேண்டாம்.

தொழிற்சாலையில் வேலை செய்வோருக்கு

ஷிப்ட் பற்றிச் சொல்லுங்கள்: மனச்சோர்வு மருந்துகளில் சில உறக்கம் தருபவை; சில விழிப்பைக் கூட்டுபவை. எந்த ஷிப்டில் வேலை, என்ன இயந்திரத்தில் வேலை, வாகனம் ஓட்டுகிறீர்களா என்பதை மருத்துவரிடம் சொன்னால் அதற்கேற்ற மருந்தையும் நேரத்தையும் அவர் தேர்வு செய்வார். புதிய மருந்தின் விளைவு தெரியும்வரை பிரஸ் இயந்திரம், ஃபோர்க்லிஃப்ட், இருசக்கர வாகனம் ஆகியவற்றை இயக்குவது பற்றிக் கேட்டறியுங்கள். இரவு ஷிப்டால் தூக்கம் கெட்டு நோய் கூடுமானால், சில காலம் பகல் ஷிப்ட் தருமாறு மருத்துவச் சான்றிதழுடன் நிறுவனத்தைக் கேட்கலாம்.

இ.எஸ்.ஐ. உரிமைகள்: மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை பெறும் ஊழியர்கள், நிரந்தரமானாலும் ஒப்பந்தமானாலும், இ.எஸ்.ஐ. திட்டத்தின் கீழ் வருவர். உங்களுக்கும் குடும்பத்தாருக்கும் மருத்துவ வசதி உண்டு. முதலில் உங்கள் இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குச் சென்றால், அங்கிருந்து கே.கே. நகர், அயனாவரம் மருத்துவமனைகள் போன்ற உயர் மையங்களுக்குப் பரிந்துரை பெறலாம். நோய்க்கால விடுப்பில் ஆண்டுக்கு 91 நாள்கள் வரை, சம்பளத்தில் 70 விழுக்காடு உதவித்தொகையாகக் கிடைக்கும். பட்டியலிடப்பட்ட 34 நீண்டகால நோய்களுக்கு இரண்டு ஆண்டுகள் வரை 80 விழுக்காடு கிடைக்கும். புற்றுநோய் அப்பட்டியலில் உள்ளது. இதற்கு இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும்; முந்தைய நான்கு பங்களிப்புக் காலங்களில் 156 நாள்களுக்குப் பங்களிப்பும் செலுத்தப்பட்டிருக்க வேண்டும். உங்கள் தகுதியை இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேட்டறியலாம்.

வேலையை விடும் முடிவைத் தள்ளிவையுங்கள்: மனச்சோர்வில் இருக்கும்போது ‘இனி என்னால் முடியாது’ என்று தோன்றுவது நோயின் இயல்பு. வேலையை விட்டால் சம்பளத்துடன் மருத்துவக் காப்பீடும் பாதிக்கப்படலாம். சிகிச்சை பெற்று மனம் தெளிந்த பிறகு அம்முடிவை எடுப்பதே நல்லது.

செலவும் சட்டப் பாதுகாப்பும்

அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவரைப் பார்ப்பதற்கும் அங்கு வழங்கப்படும் மருந்துகளுக்கும் கட்டணம் இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் அட்டை இருந்தால் உடன் எடுத்துச் செல்லுங்கள். உங்களுக்குத் தேவைப்படும் சிகிச்சைக்கு அது பொருந்துமா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டறியலாம்.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 உங்களுக்குச் சில உரிமைகளைத் தருகிறது. அரசு நடத்தும் அல்லது நிதியளிக்கும் மையங்களில் மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை. உடல்நோய்க்குக் காப்பீடு தரும் நிறுவனம் மனநோய்க்கும் அதே அடிப்படையில் காப்பீடு தர வேண்டும். சட்டம் கூறும் சில விதிவிலக்குகள் தவிர, உங்கள் மனநல விவரங்களை ஒப்புதலின்றிப் பிறருக்கு வெளியிடக் கூடாது. வேலை செய்யும் நிறுவனத்துக்கும் இது பொருந்தும். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிக்கப்பட வேண்டும் என்றும் இச்சட்டம் கூறுகிறது.

குடும்பத்தினரும் துணை இருப்போரும் செய்ய வேண்டியவை

• ‘எல்லாம் சரியாகிவிட்டதே, இன்னும் என்ன கவலை’, ‘தைரியமாக இரு’ என்று பேச்சை முடித்துவிடாதீர்கள். ‘இப்போது மனம் எப்படி இருக்கிறது?’ என்று கேட்டு, பதில் வரும்வரை பொறுத்திருங்கள்.
• உயிரை விட எண்ணம் வருகிறதா என்று நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக உருவாவதில்லை. கேட்டால் சுமையை இறக்கி வைக்க அவருக்கு ஒரு வழி கிடைக்கும்.
• அவ்வாறு எண்ணம் இருந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். வலி மருந்துகள், தூக்க மாத்திரைகள், பூச்சிக்கொல்லிகளைப் பூட்டி வையுங்கள். மிஞ்சிய வலி மருந்துகளை மருத்துவமனையில் திருப்பிக் கொடுங்கள்.
• மருத்துவமனைக்கு முதல் முறை உடன் செல்லுங்கள். மனச்சோர்வு உள்ளவருக்கு ஓ.பி. சீட்டு வாங்கும் வரிசையில் நிற்பதே மலைப்பாக இருக்கும்.
• சமையலறைக்கே வரவேண்டாம், எதையும் தொட வேண்டாம் என்று எல்லாப் பொறுப்புகளையும் பறித்துவிடாதீர்கள். இயன்ற சிறு வேலைகள் அவருடையதாகவே இருக்கட்டும்.
• புற்றுநோய் தொற்றுநோய் அல்ல. தனித் தட்டு, தனித் தம்ளர் வைப்பது மனத்தைப் புண்படுத்தும்.
• உங்களையும் கவனியுங்கள். மாதக்கணக்கில் இரவும் பகலும் கவனித்துக்கொண்டவருக்கும் மனச்சோர்வு வரலாம். மேலே கூறிய இரண்டு கேள்விகளும் 14416 என்ற எண்ணும் உங்களுக்கும் உரியவை.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனச்சோர்வால் புற்றுநோய் மீண்டும் வந்துவிடுமா?
அவ்வாறு எண்ணி உங்களையே குற்றம் சாட்ட வேண்டாம். வருந்தியதால் நோய் திரும்பியது என்று கூற உறுதியான சான்று இல்லை. ஆனால் மனச்சோர்வால் மாத்திரையும் மறுபரிசோதனையும் தவறக்கூடும். அதனால்தான் அதற்குச் சிகிச்சை பெறுவது இன்றியமையாதது.

இந்த மாத்திரைகளை வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டுமா?
பெரும்பாலோருக்குத் தேவையில்லை. முன்பு பலமுறை மனச்சோர்வு வந்தவர்களுக்கு நீண்டகாலம் தேவைப்படலாம். மனச்சோர்வு மருந்துகள் தூக்க மாத்திரைகளைப் போல அடிமையாக்குபவை அல்ல.

ஒரு மருத்துவரிடம் சென்றும் பயன் தெரியவில்லை. என்ன செய்வது?
முதல் மருந்து எல்லாருக்கும் பொருந்துவதில்லை. மருந்தையோ அளவையோ மாற்றலாம். பேச்சுவழிச் சிகிச்சையைச் சேர்க்கலாம். அதே மருத்துவரிடம் ‘குறையவில்லை’ என்று சொல்லுங்கள். வேறு மருத்துவரின் கருத்தைக் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

நினைவில் கொள்க

இரண்டு வாரங்களுக்கு மேல் மனம் கனத்திருந்தால் அடுத்த மறுபரிசோதனை வரை காத்திருக்க வேண்டாம். இன்று 14416 எண்ணை அழையுங்கள், அல்லது இந்த வாரத்திலேயே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான தகவல்கள். உங்களுக்கு உரிய சிகிச்சையை உங்கள் மருத்துவரே முடிவு செய்வார்.